அவசரப் பொத்தானுக்கு ஒரு பூட்டு

எங்கள் ஆலையின் டர்பைனுக்கு ஓர் அவசரப் பொத்தான் உண்டு. சிவப்பு நிறம், உள்ளங்கை அகலம். ஆபத்து என்றால் அதை அடிக்க வேண்டும். அடித்தால் எரிவாயு அடைபடும், மின் இணைப்பு துண்டிக்கப்படும், டர்பைன் நிற்கும். ஒருவருக்கு இதை விளக்க ஒரு மூச்சு போதும். வாரியத்துக்கு விளக்க ஒரு வருடம் ஆனது.

நான் அங்கே மின் பொறியாளர். கண்ணாடி உருக்கும் ஆலை. இரண்டாவது உலையைப் பற்றவைக்க ஊர் மின்சாரம் போதாது என்று எரிவாயுவில் ஓடும் டர்பைன் ஜெனரேட்டர் ஒன்றை வாங்கினார்கள். ஒரு வீட்டளவு பெரிய இயந்திரம். அதற்கென்று தனிக் கூடம் கட்டினார்கள். மின் பாதுகாப்புச் சான்று வாரியம் சான்று தராமல் அதை ஓட்டக் கூடாது. சட்டம் அப்படி. சட்டத்தில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை, வாரியம் வந்து சேரும் வரை.

என் மைத்துனன் அதே ஆலையில் டர்பைன் ஃபிட்டர். அவனுடைய அக்காவைத்தான் நான் கட்டியிருந்தேன். அவள் போய்விட்டாள். அதன் பிறகும் நான் அவர்கள் வீட்டிலேயே இருக்கிறேன். போ என்று யாரும் சொல்லவில்லை. போகட்டுமா என்று நானும் கேட்கவில்லை. மாமியார், மைத்துனன், நான். காலையில் கிளம்பும்போது மாமியார் என்னிடம், "அவனைப் பாத்துக்கோங்க மாப்பிள்ளை" என்பார். அவனிடம் தனியாக, "அத்தானைப் பாத்துக்கோடா" என்பாராம். அவன்தான் சொன்னான்.

வாரியத்திலிருந்து முதல் நாள் வந்த சான்றாளர் ஒல்லியான மனிதர். கையில் டார்ச், சட்டைப்பையில் அளவு நாடா. கூடத்துக்குள் நுழைந்ததும் யாரோ ஒளிந்திருப்பதுபோல் மூலை மூலையாக டார்ச் அடித்தார். மத்தியான வெயில் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது.

"அவசரப் பட்டன் வேலை செய்யுதா?"

"செய்யுது சார்."

"நீங்க சொல்றீங்க."

சோதனை ஓட்டத்துக்கு அனுமதி இருந்தது. மைத்துனன் டர்பைனை ஓட்டினான். நான் பொத்தானை அடித்தேன். டர்பைன் நின்றது. சான்றாளரின் முகம் கறுத்தது.

"நீங்க அழுத்தினா நிக்குதே."

"அழுத்தினா நிக்கணும்தானே சார்?"

"நான் அழுத்தினா?"

"நிக்கும்."

கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாவை டார்ச்சால் காட்டினார். "அவங்க அழுத்தினா?"

"நிக்கும் சார்."

"அப்ப இது யார் சொன்னாலும் கேக்குற மெஷின். இதுக்கு எப்படிங்க நான் சான்று கொடுக்கிறது?"

பெருக்கிய அம்மா விளக்குமாற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

பொத்தானுக்கு மூடி போட வேண்டும் என்று எழுதிவிட்டுப் போனார். மூடி போட்டோம். அடுத்த முறை வந்து மூடியைத் தூக்கினார். அது தூக்கினால் திறந்தது. அதையும் குறையாக எழுதினார். மூடிக்குப் பூட்டு வேண்டும் என்றார். பூட்டு போட்டோம். பூட்டு வெள்ளி நிறமாக இருந்தது. விதிப்படி மஞ்சள் பெயின்ட், இரண்டு பூச்சு. அடித்தோம். பிறகு பொத்தானுக்கு முன்னால் தரையில் மஞ்சள் கட்டம் போடச் சொன்னார்.

"இந்தக் கட்டத்துக்குள்ள யாரும் நிக்கக் கூடாது."

"பட்டனை அழுத்துறவர் சார்?"

"அவரும் யாரோதானே?"

மைத்துனன் கட்டத்துக்கு வெளியே நின்று கையை நீட்டிப் பார்த்தான். விரல் எட்டவில்லை. சான்றாளர் அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்து, "கொஞ்சம் உயரமான ஆளா வேலைக்கு எடுத்திருக்கலாம்" என்றார்.

அவர் பணம் எதிர்பார்க்கிறார் என்று மேலாளருக்குச் சந்தேகம். ஒரு கவரை மேசைமேல் வைத்து, அவர் பக்கமாக நகர்த்திவிட்டு ஜன்னலைப் பார்த்தார். சான்றாளர் கவரைத் தொடவில்லை. கண் கலங்கிவிட்டார்.

"என்னை நீங்க புரிஞ்சுக்கலை. வேலையில சேர்ந்த நாள்லேர்ந்து யார் வீட்டுத் தண்ணிகூட வாங்கிக் குடிச்சதில்லை. நான் செய்யிறது எல்லாம் நம்பித்தான் செய்யிறேன்."

அவர் நேர்மையானவர். அது தெரிந்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

அன்று வீட்டில் மைத்துனன் நடந்ததைச் சொன்னான். மாமியார் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ஆபத்துக்கு அழுத்துற பட்டனுக்கா பூட்டு போட்டிருக்கான்?"

"ஆமாம்மா."

"அவன் வீட்டுக் கக்கூசுக்குத் தாழ்ப்பாள் உள்பக்கமா, வெளிப்பக்கமான்னு கேட்டுட்டு வா."

நான் சிரிக்கவில்லை. சிரிக்க மறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. மைத்துனன் என் பங்குக்கும் சேர்த்துச் சிரித்தான்.

பூட்டுக்குப் பிறகு ஸ்டிக்கர் வந்தது. 'சோதிக்கப்பட்டது, பாதுகாப்பானது' என்று வெள்ளி எழுத்தில் மின்னும் ஸ்டிக்கர். அதைச் சமமான, வழவழப்பான, சுத்தமான, எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் ஒட்ட வேண்டும் என்பது விதி. டர்பைனைச் சுற்றியிருந்த இரும்புக் கூண்டு முழுவதும் சொரசொரப்பு. சான்றாளர் விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே சுற்றி வந்தார். கடைசியில் கூண்டுக்குள், தீ உணர்கருவியின் முன்னால் நின்றார். தீப்பிழம்பு தெரிந்தால் அதுவே டர்பைனை நிறுத்திவிடும் கருவி. அதன் முகத்தில் வட்டமாக ஒரு கண்ணாடி. சமமானது, வழவழப்பானது, சுத்தமானது. தினமும் மைத்துனன் துடைத்து வைப்பான்.

அதன் மேல் ஒட்டினார்.

"சார், அது அதோட கண்ணு. அதை வச்சுத்தான் அது பாக்குது."

"அது எதுக்குங்க பாக்கணும்? அதான் நாங்க பாத்துட்டோமே."

"எடுத்து வேற இடத்துல ஒட்டலாமா?"

"எடுத்தா சான்று செல்லாது."

வாரியத்துக்கு நான் கடிதம் எழுதினேன். உணர்கருவியின் கண்ணாடியில் ஸ்டிக்கர் இருப்பதால் அது தீயைக் காண இயலாது என்று. பதில் வந்தது. ஸ்டிக்கர் தெளிவாகத் தெரிகிறதா என்று மட்டும் கேட்டிருந்தார்கள்.

பூட்டின் சாவி யாரிடம் இருப்பது என்ற கேள்வி அதன் பிறகு எழுந்தது. அதிகாரம் பெற்றவரிடம் என்று சொல்லி, அதுவரை சாவியை வாரியமே வாங்கி வைத்துக்கொண்டது. அதிகாரம் பெற வாரியத்தில் பயிற்சி. ஆலையில் என்னை அனுப்பினார்கள்.

வாரியத்தின் கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. மாடியில் பியூன் ஒருவர் கெட்டிலில் தேநீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். கெட்டில் வயருக்குப் பிளக் இல்லை. இரண்டு கம்பி முனைகளையும் சுவரிலிருந்த பிளக் துளைகளுக்குள் விட்டுத் தீக்குச்சி செருகியிருந்தார். இதற்குச் சான்று உண்டா என்று பக்கத்தில் இருந்த அதிகாரியிடம் கேட்டேன்.

"இது வாரியத்துச் சொத்து இல்லைங்க. அவரோட சொந்தக் கெட்டில்" என்று சொல்லி ஒரு டம்ளரை நீட்டினார்.

பயிற்சியின் முடிவில் தேர்வு. 'கூடத்தில் தீ தெரிகிறது. முதலில் செய்ய வேண்டியது என்ன?' அவசரப் பொத்தானை அழுத்துவது என்று குறித்தேன். தப்பு. தீ என்று உறுதி செய்துகொள்வது என்பது சரியான விடை. பயிற்சியாளர் வருத்தத்தோடு விளக்கினார்.

"தீயைப் பாத்த உடனே தீன்னு நம்புறவர்கிட்ட எப்படிங்க சாவியக் கொடுக்கிறது?"

"சந்தேகமா இருந்தாலும் அழுத்திடறது நல்லதில்லையா சார்?"

"சந்தேகம் வாரியத்தோட வேலை. உங்க வேலை இல்லை."

மறுபடி எழுதினேன். ஒவ்வொரு கேள்விக்கும் எந்த விடை யாருக்கும் உதவாதோ அதைக் குறித்தேன். முழு மதிப்பெண். பயிற்சியாளர் கை குலுக்கினார். "இப்பத்தான் உங்களுக்குப் பொறுப்பு வந்திருக்கு" என்றார்.

சாவியை வாங்குமுன் ஒரு படிவம். அதில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டிருந்தேன். எழுத்தர் பேனாவால் அதைத் தட்டினார்.

"விபத்து நேர்ந்தா தெரிவிக்க வேண்டியவர். காலியா விடக் கூடாது. கல்யாணம் ஆச்சா?"

"ஆச்சு."

"அப்ப மனைவி பேரை எழுதுங்க."

"இல்லை."

"இல்லைன்னா? ஊர்ல இல்லையா?"

"ஊர்ல இல்லை."

"எங்க இருந்தா என்னங்க, தெரிவிச்சுடுவோம். எங்க தகவல் போகாத இடமே கிடையாது."

அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அவள் உயிர் போன மருத்துவமனையிலும் இந்த வாரியத்தின் சான்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். அதில் பொய் எதுவும் இல்லை. அன்று விளக்கு எரிந்தது, ஜெனரேட்டர் தயாராக இருந்தது, அவளைச் சுற்றியிருந்த கருவிகள் எல்லாம் ஓடின. அவள்தான் நின்றாள். மாமியாருக்கு நான்தான் போன் செய்தேன். அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

அதனால் மாமியாரின் பெயரை எழுதவில்லை. அவருக்கு அப்படி இன்னொரு போன் வரக் கூடாது. மைத்துனன் பெயரை எழுதினேன். சாவி கொடுத்தார்கள்.

சில நாளில் சான்றாளர் ஆலைக்கு ஓடி வந்தார். முகத்தில் திருடனைப் பிடித்த களை. என் படிவத்தையும் மைத்துனனின் படிவத்தையும் மேலாளரின் மேசைமேல் அருகருகே வைத்தார். ஃபிட்டர்களும் அந்தப் படிவத்தைக் கொடுக்க வேண்டும்.

"இவர் அவரை எழுதியிருக்கார். அவர் இவரை எழுதியிருக்கார். பேசி வச்சுக்கிட்டீங்களா?"

நான் மைத்துனனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். பேசி வைத்துக்கொள்ளவில்லை. அவனும் அம்மா பெயரைத் தவிர்த்திருக்கிறான். ஏன் என்று நான் கேட்கவில்லை.

"ரெண்டு பேரும் சேர்ந்து கூடத்துக்குள்ள இருக்கும்போது விபத்து ஆச்சுன்னா, வாரியம் யாருக்குத் தெரிவிக்கும்?"

"அப்ப யாருக்கும் தெரிவிக்க வேண்டியதில்லை சார்" என்றான் மைத்துனன்.

"அப்படி விட முடியாது தம்பி. தெரிவிச்சாத்தான் விபத்து முடியும். அதுவரைக்கும் அது எங்க மேசையில நிலுவையில இருக்கும்."

"வேற பேரை எழுதிக் கொடுத்துடுங்கப்பா. ஒரு பேருதானே" என்றார் மேலாளர். இரண்டாவது உலை குளிர்ந்து கிடப்பது அவர் கவலை.

நானும் எழுதவில்லை. அவனும் எழுதவில்லை. சான்றாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டி ஒரு வழி கண்டுபிடித்தார். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் டர்பைன் கூடத்துக்குள் இருக்கக் கூடாது.

"சார், அவன் ஃபிட்டர். நாள் முழுக்க உள்ளேதான் இருப்பான்."

"அப்ப நீங்க வெளிய இருங்க."

"பட்டன் உள்ளே இருக்கு. சாவி என்கிட்ட இருக்கு."

"பட்டனும் சாவியும் ஒரே இடத்துல இருந்தா பூட்டு எதுக்குங்க?"

இதற்குப் பதில் இருக்கிறதா என்று படித்த படிப்பு முழுவதையும் ஒருமுறை தேடிப் பார்த்தேன். இல்லை.

அன்றிலிருந்து நான் கூடத்துக்கு வெளியே, வேப்பமரத்தடியில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். சாவியைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட வேண்டும் என்பது விதி. வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் அதைப் பார்த்தார்கள். கேன்டீன்காரர், "என்ன சார், அரண்மனைக் கஜானாவா?" என்று கேட்டுவிட்டு டீ வைத்துவிட்டுப் போவார். சோதனை ஓட்டம் நடக்கும்போது உள்ளேயிருந்து டர்பைனின் சத்தம் வரும். சத்தம் ஒரே சீராக வந்தால் உட்கார்ந்திருப்பேன். கொஞ்சம் மாறினால் எழுந்து வாசல் வரை போய் நிற்பேன். உள்ளேயிருந்து மைத்துனன் ஸ்பேனரை ஆட்டிக் காட்டுவான். ஒன்றுமில்லை என்று அர்த்தம். நான் திரும்பி வந்து உட்காருவேன். நான் அந்த ஸ்டிக்கரை நம்பவில்லை. பூட்டை நம்பவில்லை. டர்பைனைக் கொஞ்சம் நம்பினேன், ஏனென்றால் அது எதையும் பாதுகாப்பானது என்று சொல்லிக்கொள்ளவில்லை.

சான்று வழங்க விழா வைத்தார்கள். கூடத்துக்குப் பக்கத்தில் பந்தல், மேடை, நாற்காலிகள். தலைமைச் சான்றாளர் நேரில் வந்தார். சான்று பெற்ற இயந்திரத்தின் மின்சாரத்தில்தான் தன் ஒலிபெருக்கி பேச வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஆகவே டர்பைன் ஓடியது. மைத்துனன் உள்ளே. நான் மேடைக்கு ஓரத்தில், கழுத்தில் சாவியோடு. ஒல்லிச் சான்றாளரைக் கூடத்து வாசலில் நிறுத்தியிருந்தார்கள், விழா நேரத்தில் விதி எதுவும் மீறப்படாமல் பார்த்துக்கொள்ள.

தலைமைச் சான்றாளர் பேசினார். குரலும் உடம்பைப் போலவே பெரியது.

"பாதுகாப்புன்னா என்னன்னு நிறைய பேர் என்கிட்ட கேக்குறாங்க. ஆபத்து வராம பாத்துக்கிறதுன்னு நினைக்கிறாங்க. அது அறியாமை. ஆபத்து வரும், போகும். அது இயற்கை. நம்ம காகிதம் சுத்தமா இருக்கா, அதுதான் பாதுகாப்பு."

கைதட்டினார்கள்.

"பெருமையோட ஒண்ணு சொல்றேன். எங்க வாரியம் சான்று கொடுத்த எந்த மெஷின்லயும் இதுவரைக்கும் ஒரு விபத்துகூட நடந்ததில்லை. எப்படின்னு கேப்பீங்க. விபத்துன்னு தகவல் வந்த அடுத்த நிமிஷம், அதுக்கு முந்தின நாள் தேதியிலேர்ந்து சான்றை ரத்து பண்ணிடுவோம். அவ்வளவு கண்டிப்பு!"

மேலாளர்தான் முதலில் கைதட்டினார். தட்டிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு அர்த்தம் புரிந்திருக்க வேண்டும். இரண்டு கைகளும் நடுவில் சேராமல் நின்றுவிட்டன.

அப்போது டர்பைனின் சத்தம் மாறியது.

பந்தலில் யாரும் கவனிக்கவில்லை. சீரான ரீங்காரத்துக்குள் ஒரு சீறல். நான் எழுந்து வாசல் பக்கம் நடந்தேன். ஸ்பேனர் ஆடவில்லை. கூண்டின் இடுக்குகளிலிருந்து நீலப் புகை வந்துகொண்டிருந்தது. எண்ணெய்க் குழாய் எங்கோ விட்டுப்போய், கொதிக்கும் புகைபோக்கி மேல் எண்ணெய் தெளித்துப் பற்றியிருக்கிறது. இந்த நேரம் தீ உணர்கருவி பார்த்திருக்க வேண்டும், தானே நிறுத்தியிருக்க வேண்டும். அதன் கண்ணில் 'பாதுகாப்பானது' என்று ஒட்டியிருந்தது.

புகைக்கு அந்தப் பக்கம் மைத்துனன் தெரிந்தான். எரிவாயு வால்வின் சக்கரத்தைக் கையால் திருகிக்கொண்டிருந்தான். பொத்தானுக்குச் சாவி இல்லாதவன் வேறு என்ன செய்வான்?

வாசலில் ஒல்லிச் சான்றாளர் இரண்டு கைகளையும் விரித்து மறித்தார்.

"நீங்க போகக் கூடாது. உங்க மைத்துனர் உள்ள இருக்கார்."

"அதனாலதான் போறேன். தீ!"

"தீன்னு உறுதி பண்ணிட்டீங்களா?"

கழுத்திலிருந்து சாவியைக் கழற்றி நீட்டினேன். "அப்ப நீங்க போய்த் திறங்க."

அவர் சாவியைப் பார்த்தார். முகம் வெளுத்தது. பயம் அல்ல, கூச்சம். "நான் அதிகாரம் பெற்றவர் இல்லையே" என்றார்.

அவரைத் தள்ளினேன். என் வாழ்க்கையில் நான் ஒரு மனிதரைத் தள்ளியது அதுதான் முதல் தடவை. லேசான மனிதர், எளிதாக விழுந்தார். மஞ்சள் கட்டத்துக்குள் ஏறி நின்று சாவியைப் பூட்டில் விட்டேன். போகவில்லை. துவாரம் அடைத்திருந்தது. இரண்டு பூச்சு மஞ்சள் பெயின்ட் உள்ளே இறங்கிக் கல்லாக இறுகியிருந்தது. ஒருநாளும் யாரும் அந்தப் பூட்டைத் திறந்து பார்க்கவில்லை. சான்றாளரும் பார்க்கவில்லை. நாள் முழுக்கச் சாவியைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்த நானும் பார்க்கவில்லை.

சுவரில் இருந்த தீயணைப்பு உருளையைப் பிடுங்கி அதன் அடிப்பக்கத்தால் மூடியை இடித்தேன். மறுபடி இடித்தேன். மூடி பிளந்தது. பொத்தானை அடித்தேன்.

டர்பைன் இறங்கும் சத்தம் நீளமானது. பெரிய மிருகம் ஒன்று பெருமூச்சு விட்டுப் படுப்பதுபோல். வெளியே ஒலிபெருக்கி, "இந்த டர்பைன் ஒருநாளும்" என்று சொல்லிவிட்டு அடங்கியது. பின்னால் சொன்னார்கள், தலைமைச் சான்றாளர் அதைக் கவனிக்காமல் கையை ஆட்டி ஆட்டி இன்னும் கொஞ்ச நேரம் பேசினாராம்.

மைத்துனன் புகைக்குள்ளிருந்து குனிந்தபடி வந்தான். புருவம் கருகியிருந்தது. உள்ளங்கைகள் இரண்டும் வெந்திருந்தன. இருமி முடித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"அத்தான், நீங்க உள்ள வரக் கூடாதே."

"வாயை மூடிக்கிட்டு வெளிய வாடா" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது.

தீ சின்னதுதான். எரிவாயு நின்றதும் ஆட்கள் அணைத்துவிட்டார்கள்.

விசாரணைக் குழு வந்தது. தலைமைச் சான்றாளர் நடுவில், இரண்டு பேர் பக்கங்களில். சுருக்கெழுத்தர் ஒருவர். ஒல்லிச் சான்றாளர் முழங்கையில் பிளாஸ்திரியோடு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"கையில சாவி இருக்கும்போது ஏன் உடைச்சீங்க?"

"சாவி நுழையலை சார். துவாரத்துல பெயின்ட்."

"எத்தனை பூச்சு?"

"நீங்க சொன்ன இரண்டு."

"முதல் பூச்சு காஞ்சப்புறம்தானே ரெண்டாவது அடிச்சீங்க?"

"ஆமா."

"அப்ப பெயின்ட்ல குறை இல்லை. எழுதிக்கோங்க."

தீ உணர்கருவியைக் கழற்றிக்கொண்டு போயிருந்தேன். மேசைமேல் வைத்தேன். கருவி முழுக்கக் கரி. கண்ணாடியில் ஸ்டிக்கர் அப்படியே மின்னியது. தலைமைச் சான்றாளர் அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏதோ புரியப்போகிறது என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார்.

"பாருங்க. ஓரம்கூடக் கருகலை. நம்ம ஸ்டிக்கர்."

மூவரும் கையில் வாங்கிப் பார்த்தார்கள்.

பிறகு சான்று ரத்து செய்யப்பட்டதை வாசித்தார்கள். விழாவுக்கு முந்தின நாள் தேதியிலிருந்து ரத்து. ஆகவே விபத்து நடந்தது சான்று இல்லாத இயந்திரத்தில். வாரியத்தின் பெருமைக்குக் குறை இல்லை. அடுத்து என் குற்றங்கள்: உறவினர் உள்ளே இருக்கும்போது கூடத்துக்குள் நுழைந்தது, மஞ்சள் கட்டத்தில் நின்றது, மூடியை உடைத்தது, உறுதி செய்யாமல் தீயை நம்பியது.

"சார், ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க."

"முந்தின நாளே சான்று ரத்துன்னா, அன்னைக்கு அந்தப் பூட்டும் கட்டமும் செல்லாது. நான் எந்த விதியையும் மீறலை."

சுருக்கெழுத்தரின் பேனா நின்றது. மூவரும் எழுந்து அடுத்த அறைக்குப் போனார்கள். வெகு நேரம் பேசினார்கள். நடுவில் ஒருமுறை சிரிப்புச் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது எல்லோர் முகத்திலும் திருப்தி.

"சான்று முந்தின நாள்லேர்ந்து ரத்து. ஆனா தீ பிடிச்ச பிறகு, நீங்க வாசல்ல நுழைஞ்ச நேரத்துலேர்ந்து பட்டனை அடிச்ச நேரம் வரைக்கும் மட்டும் சான்று செல்லும். அதுக்கப்புறம் மறுபடி ரத்து."

ஒல்லிச் சான்றாளர் இதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நியாயம் வென்றால் அவருக்கு அழுகை வரும்.

என் அதிகாரத்தைப் பறித்தார்கள். சாவியை இனி வாரியத்தின் தலைமை அலுவலகத்திலேயே வைத்துக்கொள்வார்கள். பேருந்தில் அரை நாள் தூரம். மறுபடி சான்று வேண்டுமானால் ஆலை எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் இருவருக்கும் புதுப் படிவம் கொடுத்து அனுப்பினார்கள்.

வீட்டில் மைத்துனனுக்கு இரண்டு கையிலும் கட்டு. மாமியார் ஊட்டிக்கொண்டிருந்தார். படிவங்கள் பக்கத்தில் கிடந்தன. ஊட்டிக்கொண்டே அவற்றை வாசித்தார். அவருக்கு எதையும் வாசிக்காமல் விட முடியாது.

"இது யாரு பேரு எழுதுற இடம்?"

மைத்துனன் வாயில் இருந்ததை மெல்ல ஆரம்பித்தான்.

"போன தடவை யாரை எழுதினீங்க?"

"அவனை" என்றேன்.

"நீ?"

"அத்தானை" என்றான் வாயில் சோற்றோடு.

அவர் இன்னொரு கவளம் உருட்டி அவன் வாயில் சற்றுப் பலமாகவே திணித்தார்.

"என் பேரை எழுதுங்க. ரெண்டுலயும். ஆனா எவனும் எனக்கு போன் பண்ணித் தெரிவிக்கக் கூடாது. தெரிவிக்க வேண்டியதை ரெண்டு பேரும் நடந்து வந்து என் எதிர்ல நின்னு தெரிவிங்க."

எழுதினோம். அவன் சொல்ல, அவனுடையதையும் நானே எழுதினேன்.

இப்போது நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் கூடத்துக்குள் இருக்கலாம். விதி அனுமதிக்கிறது. டர்பைனைப் பழுது பார்த்தார்கள். புது மூடி, புதுப் பூட்டு, மஞ்சள் பெயின்ட் இரண்டு பூச்சு. பூட்டுக்குப் பெயின்ட் அடிக்கும் முன், ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில், நான் அதன் வளையத்தைப் பின்பக்கமாக ரம்பத்தால் அறுத்தேன். மைத்துனன் ஆறிவந்த கையால் பூட்டைப் பிடித்துக்கொண்டான். அறுத்ததை மறுபடி பொருத்தி வைத்தோம். முன்னாலிருந்து பார்த்தால் பூட்டியபடி இருக்கும். அதன் மேல் வர்ணம் அடித்தோம், காய்ந்ததும் அறுத்த இடம் ஒட்டிக்கொள்ளாதபடி இடுக்கில் பிளேடு விட்டுக் கீறினோம்.

ஒல்லிச் சான்றாளர் வந்தார். டார்ச் அடித்தார். பூட்டின் வர்ணத்தை அட்டையில் இருக்கும் வர்ணத்தோடு ஒப்பிட்டார். குனிந்து வெகு நேரம் பார்த்தார். நிமிர்ந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இதுவரைக்கும் நான் பாத்ததுலேயே இதுதான் சரியான மஞ்சள்" என்றார்.

ஸ்டிக்கருக்கு இந்த முறை நாங்களே ஓர் இடம் தயார் செய்து வைத்திருந்தோம். கூண்டின் வெளியே ஒரு சின்னக் கண்ணாடித் துண்டு. எங்கள் ஆலைக் கண்ணாடி. அதன் பின்னால் எதுவும் இல்லை. அவர் அதைக் கண்டதும் முகம் மலர்ந்து, நேராகப் போய் ஒட்டினார்.

தினமும் காலையில் கூடத்துக்குள் நுழைந்ததும் மைத்துனன் மஞ்சள் கட்டத்தில் ஏறி நின்று பூட்டை ஒரு விரலால் தள்ளுவான். வளையம் விலகும். மறுபடி சேர்த்து வைப்பான். மாலையில் கிளம்பும்போது நான் தள்ளிப் பார்ப்பேன். பிறகு வீட்டுக்கு நடப்போம். மாமியார் வாசலில் நின்றிருப்பார்.

"என்ன, ரெண்டு பேரும் வந்துட்டீங்களா?"

"வந்துட்டோம்" என்று தெரிவிப்போம்.